வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் பதிந்த றொக் பாடலை யாரிடம் கேட்கக் கொடுப்பது?

வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். எந்த மைக் வாங்குவது, எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விகளே மூட்டை மூட்டையாக வந்து சேரும் என்று எண்ணியிருந்த எனக்கு, கடிதங்களைப் பிரித்தபோது வியப்புத்தான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களில் பலருக்குப் பாடலைப் பதிவதில் சிக்கல் இல்லை. பதிந்ததைப் பிறர் காதில் போட்டு, அவரிடமிருந்து பயனுள்ள ஒரு சொல்லைப் பெறுவதில்தான் தடுமாற்றம். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மைக் வாங்க நிற்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் என் படுக்கையறையில் நான்கு றொக் பாடல்களைப் பதிந்திருக்கிறோம். ஒரு மைக், ஒரு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், ஒரு பழைய லப்டொப்; ட்ரம்ஸ் இல்லாததால் ஒரு வாளியும் ஒரு பிஸ்கற் பேணியும். லோ-ஃபை என்று சொல்லப்படும் கரகரப்பான, மெருகூட்டாத ஒலிதான் எங்களுக்குப் பிடிக்கும். நான்கு பாடல்களையும் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். கேட்ட எல்லாரும் ‘சூப்பர்’, ‘நல்லாயிருக்கு’ என்றார்கள். சிலர் கைதட்டும் படம் போட்டார்கள். குறை என்னவென்று திருப்பிக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. உண்மையான கருத்தைப் பெறுவது எப்படி?
— வாசகர், கல்லடி

பதில்: தம்பி, கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழும்பிய எவரும் கறியில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவதில்லை. நம்மூரில் ‘நல்லாயிருக்கு’ என்பது மதிப்பீடு அல்ல, மரியாதை. உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை, ‘எப்படி இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்டீர்கள், அந்தக் கேள்விக்கு மரியாதையாகச் சொல்லக்கூடிய ஒரே பதிலை அவர்கள் சொன்னார்கள். ஆகவே திருத்த வேண்டியது அவர்களை அல்ல, கேள்வியை. மரியாதையால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். ‘எந்த நிமிடத்தில், எந்த வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவலாமா என்று தோன்றியது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இரண்டாவது சரணத்தில் பேஸ் உங்களுக்குக் கேட்டதா, இல்லையா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் உங்களைப் புகழவும் இல்லை, நோகடிக்கவும் இல்லை. ஒரு தகவலைத் தந்திருக்கிறார்.

குழுவில் போட்டது இரண்டாவது தவறு. குழுவில் முதலில் வாய் திறப்பவர் என்ன சொல்கிறாரோ அதுவே மற்றவர்களுக்குப் பாட்டு ஆகிவிடும். தனித்தனியே அனுப்புங்கள், அதுவும் ஒரு பாடலை மட்டும். நான்கு பாடல்களை ஒன்றாக வாங்கிய காது நான்கையும் அரைகுறையாகக் கேட்கும். அனுப்பும்போது கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துக் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிப் போன பாடல் இடமும் வலமும் ஒன்றாகி மோனோவாகி, நசுங்கி, மிக உயர்ந்த ஒலியும் மிகத் தாழ்ந்த ஒலியும் வெட்டுப்பட்டுத்தான் போய்ச் சேரும், கேட்பவர் குறை சொன்னால் அது உங்கள் பதிவின் குறையா, வழியில் வந்த குறையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான்கு நிமிடப் பாடல் 320 கிலோபிட் எம்.பி.3 ஆக இருந்தால் 10 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். டேற்றா கட்டணத்தைக் காரணம் காட்ட இடமில்லை.

மூன்றாவது விடயத்தைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். ஒரு பாடலை முதற்தடவை கேட்கும் காது ஒரு மனிதரிடம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். இரண்டாம் தடவை அவர் கேட்கும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். விளங்காத வரியையும் நினைவிலிருந்து விளங்கிக்கொள்வார். நீங்களோ இருந்த முதற்காதுகள் அத்தனையையும் ஒரே இரவில் செலவழித்துவிட்டீர்கள். திருத்திய பதிப்பைக் கொண்டுபோக இனிப் புதிய ஆட்களைத் தேட வேண்டும். கேட்கக் கூடியவர்கள் பத்துப் பேர் உங்களுக்கு இருந்தால், முதற்பதிப்புக்கு மூவர் போதும்.

அந்த மூவர் யார்? ஒருவர் வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். நீங்கள் இருக்கும் கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே சங்கீதம் படிக்கும் ஒருவருக்கு றொக் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் உங்கள் கிற்றாரின் மூன்றாவது கம்பி சுருதியில் இல்லை என்பது அவர் காதுக்கு முதற்பத்து வினாடிக்குள் பட்டுவிடும். இன்னொருவர் ஒலியோடு பிழைப்பவராக இருக்கட்டும்: கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுபவர், தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு மிக்ஸர் பார்ப்பவர். கருத்துக் கேட்கும்போது இவர்களை நாம் ஏன் மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாமவர் இரண்டும் தெரியாத, பாட்டுக் கேட்கும் பழக்கம் மட்டும் உள்ள ஒருவர்.

இது நமக்குப் புதிய முறையும் அல்ல. மட்டக்களப்புக் கூத்து மரபில் சட்டங் கொடுத்த, அதாவது ஆடுபவருக்கு அவரவர் பாட்டுப் பகுதியைக் கொடுத்த, நாளிலிருந்து நேரே அரங்கேற்றத்துக்குப் போய்விடுவதில்லை. இடையில் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல் என்று படிகள் இருக்கின்றன. அரங்கேற்றத்துக்கு முன்னர் ‘அடுக்குப் பார்த்தல்’ என்று ஒன்று இருக்கிறது. இன்னும் திருத்தக்கூடிய நிலையில், திருத்தத் தெரிந்தவர்கள் முன்னால் ஆடிப் பார்ப்பது அது. நீங்கள் அடுக்குப் பார்க்காமல் அரங்கேற்றிவிட்டு, களரியை, அதாவது கூத்தாடும் அரங்கை, சுற்றி நிற்பவர்களிடம் குறை கேட்கிறீர்கள். அவர்கள் கைதான் தட்டுவார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் விடயம் தெளிவாகும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மின்சாரம் இல்லாத படுவான்கரைக் கிராமம் ஒன்றில், நானும் என் மைத்துனரும் ரோச் பற்றரியில் இயங்கும் ஒரு கசற் றெக்கோடரில் ஆறு நிமிடப் பாடல் ஒன்றைப் பதிந்தோம். பிறகு புதுப் பற்றரி போட்டுக் கேட்டால் பாட்டுப் போகப் போக வேகம் எடுக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும், ‘நீங்கள் அவசரப்படுகிறீர்கள், தாளம் நிற்கவில்லை’ என்றார்கள். நாங்கள் ஒரு கிழமை முழுவதும் தாளம் போட்டுப் பழகி மறுபடியும் பதிந்தோம். மறுபடியும் அதே கதை. கடைசியில் ஊரில் கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். கிற்றார் என்ற பொருளைக் கையால் தொட்டிராத மனிதர் அவர். பாட்டு முடிந்ததும், ‘ஆள் ஓடினால் தாளம்தான் ஓடும், சுருதி ஏறாது, இதில் கம்பியின் சுருதியும் கூடவே ஏறுகிறது, ஓடுவது நீங்கள் இல்லை, பெட்டி’ என்றார். உண்மை அதுதான். பதியும்போது பற்றரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது தாளமும் சுருதியும் சேர்ந்து ஏறியிருக்கின்றன.

எங்களுக்கு முதலில் கருத்துச் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் காட்டிய இடம் சரி. சொன்ன காரணம்தான் பிழை. கேட்பவர் பெரும்பாலும் இப்படித்தான். ‘இந்த இடத்தில் எக்கோ கொஞ்சம் கூட்டுங்கள்’ என்று அவர் சொன்னால், எக்கோவைக் கூட்டாதீர்கள். அந்த இடத்தில் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே இடத்தைத் தொட்டு மூன்று வெவ்வேறு வைத்தியம் சொன்னால், இடத்தை நம்புங்கள், வைத்தியத்தை நீங்களே தேடுங்கள்.

இன்னொன்று. முடிந்தால் கேட்பவரின் வீட்டுக்கே போய், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய் பேசாமல் பாட்டைப் போடுங்கள். நூறு தடவை கேட்டும் உங்களுக்குப் புலப்படாத குறை, இன்னொருவர் அந்த அறையில் இருந்து கேட்கிறார் என்ற ஒரே காரணத்தால் உங்கள் காதில் வந்து குத்தும். அவர் ஒரு சொல்லும் சொல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. பழைய மாணவர்கள் சிலர் தாம் பதிந்த றொக் பாடல்களைக் கொண்டுவந்து என் கருத்தைக் கேட்கிறார்கள். சுருதி விலகியிருக்கிறது, இரைச்சல் கேட்கிறது என்று சொன்னால், ‘ரீச்சர், அது லோ-ஃபை’ என்று சிரிக்கிறார்கள். அப்படியானால் எதைக் குறை என்பது, எதைப் பாணி என்பது?
— வாசகி, மட்டக்களப்பு நகர்

பதில்: உங்கள் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ‘லோ-ஃபை’ என்ற சொல்லைக் குடைபோலப் பிடித்துக்கொண்டால் எந்த மழையும் படாது.

சொல்லின் வரலாறு அவர்களுக்கு அவ்வளவு சாதகமானதும் அல்ல. 1979 இல் ஜப்பானின் ரியாக் நிறுவனம் போர்ட்டாஸ்ரூடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. சாதாரணக் கசற்றில் நான்கு தடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய அது வழிசெய்தது. ஒலி ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடாவை வழமையான வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓட்டியது. அதாவது, வீட்டில் பதிந்தவர்களுக்கும் தெளிவு வேண்டியிருந்தது. கிடைத்த மட்டில் பெற்றார்கள். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1982 இன் தொடக்கத்தில் இந்தக் கருவியை வைத்துத் தன் வீட்டில் பதிந்த பாடல்கள், தன் குழுவினருக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரிகளாகவே தொடங்கின. பின்னர் குழுவோடு ஒலிக்கூடத்தில் முறையாகப் பதிந்து பார்த்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது கசற்றில் இருந்ததே பாடல்களுக்குப் பொருந்தியது என்று முடிவு செய்து, அந்தக் கசற்றையே அதே ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அங்கே கரகரப்புத் தானாக வென்றுவிடவில்லை. துப்புரவான பதிப்போடு போட்டிபோட்டு வென்றது. ஒஹாயோவின் டேற்றன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே நான்கு தடக் கருவியில் பாடல்களைப் பதிந்து குவித்த றொபேட் பொலாட் போன்றவர்களால் இந்த ஒலிக்குத் தொண்ணூறுகளில் தனிப் பாணி என்ற பெயர் நிலைத்தது. ஆசிரியர் தொழிலுக்கும் லோ-ஃபைக்கும் பகை இல்லை என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல இது உதவும்.

உங்களிடம் வரும் பிள்ளையிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: ‘இதே இரைச்சலை, இதே விலகலை, இதே இடத்தில் மறுபடியும் கொண்டுவர உனக்கு முடியுமா?’ முடியும் என்றால் அது பாணி. அதைப் பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் ரசனை. முடியாது, தெரியாமல் வந்துவிட்டது என்றால், அதைப் பற்றிப் பேச உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. கரகரப்பிலும் சாதி பலவாக இருக்கிறது. கிற்றார் அம்பிளிஃபயரைத் திணறவைத்துப் பெறும் கரகரப்பு வேறு. கணினியில் ஒலியின் அளவு உச்ச எல்லையான பூச்சிய டெசிபெல்லைத் தாண்டியதால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு வரும் ‘கிர்ர்’ வேறு. முன்னது வாசிப்பின் அழுத்தத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். பின்னது பலமான எழுத்துகளில் மட்டும் தகரத்தைக் கிழிப்பதுபோல வந்து போகும். உங்கள் காதுக்கு இந்த வேறுபாடு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். தாழ்ந்த ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் பாட்டு முழுவதும் ஓடினால் அது பெரும்பாலும் வினாடிக்கு 50 தடவை (50 ஹேர்ட்ஸ்) அதிரும் நமது மின்சாரத்தின் கைவரிசை. லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பாணி என்று சொல்ல எந்த லோ-ஃபைக்காரரும் முன்வரமாட்டார்.

கேள்வி: எங்கள் வீட்டில் கைத்தறி இருக்கிறது. நான் அடுத்த அறையில் கிற்றார் வாசித்துப் பாடிப் பதிந்த பாடலில் தறியின் சத்தம் விழுந்துவிட்டது. கேட்ட நண்பர்கள் எல்லாரும் அதை எடுத்துவிடு என்கிறார்கள். எனக்கோ அந்தச் சத்தம் இல்லாமல் பாட்டு வெறுமையாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
— வாசகர், மருதமுனை

பதில்: நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவை நான்கு தடவை கேட்டேன். தறி இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரியில் திடீரென்று தொடங்குகிறது. பல்லவி திரும்பி வரும்போது பாதியில் நிற்கிறது. தேநீர் குடிக்க எழும்பினார்கள் என்று நினைக்கிறேன். இடையில், தறியில் நூலைக் கொண்டோடும் நாடாவின் சத்தம் உங்கள் தாளத்தோடு சில இடங்களில் சேர்ந்தும், பல இடங்களில் ஒரு நூல் பிந்தியும் விழுகிறது. உங்கள் வீட்டையும் அந்தத் தறியையும் அறியாத ஒருவர் இதைக் கேட்டால், தறி என்று நினைக்கமாட்டார். தட்டுபவருக்குத் தாளம் தெரியாது என்றுதான் நினைப்பார். நண்பர்கள் ‘எடுத்துவிடு’ என்பதன் உட்பொருள் இது.

ஆனால் உங்கள் காது பொய் சொல்லவில்லை. அந்தச் சத்தம் பாட்டுக்கு ஓர் ஊரைக் கொடுக்கிறது. பாட்டின் முதல் வினாடியிலிருந்தே தறி ஓடியிருந்தால், கேட்பவர் அதை அந்தப் பாட்டின் இடமாக ஏற்றுக்கொள்வார். நடுவில் வந்ததால்தான் விபத்தாகக் கேட்கிறது. ஆகவே தறியைத் தனியே, கிட்ட மைக் வைத்து, ஐந்து நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பாட்டை அது ஓடாத நேரத்தில் பதியுங்கள். தறியின் வேகத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்பக் கிற்றாரை வாசித்தால் இன்னும் நல்லது. தறியைப் பாட்டுக்கு இழுப்பதைவிடப் பாட்டைத் தறிக்கு இழுப்பது எளிது. பின்னர் தறியோடு ஒன்று, தறி இல்லாமல் ஒன்று என இரண்டு பதிப்புகள் செய்து, எது எதுவென்று சொல்லாமல் புதிதாகக் கேட்பவர்களிடம் கொடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டும் ஒரே சத்த அளவில் இருக்க வேண்டும். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்று சிறிதளவு சத்தமாக இருந்தாலும், ‘இதுதான் நல்லது, இதில் உயிர் இருக்கிறது’ என்று கேட்பவர் அதையே தெரிவு செய்வார். சத்தம் கூடியதால் பிடித்தது என்று அவருக்கே தெரியாது. தறி சேர்ந்த பதிப்பு இயல்பாகவே சற்றுச் சத்தமாக இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் அதைக் குறைத்துச் சமப்படுத்தாவிட்டால், நீங்கள் பெறும் தீர்ப்பு தறியைப் பற்றியது அல்ல, சத்தத்தைப் பற்றியது.

கேள்வி: கிற்றாரோடு நானே பாடிப் பதிகிறேன். வீட்டார் உறங்கிய பின், இரவு பன்னிரண்டு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயோடு வைத்து மெதுவாகப் பாடுவேன். ஆறு பேரிடம் கருத்துக் கேட்டேன். மூவர் குரல் மிக அதிகம் என்கிறார்கள். மூவர் சொற்களே விளங்கவில்லை, குரலைக் கூட்டு என்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் பதிவையே கைவிட்டிருக்கிறேன்.
— வாசகி, திருக்கோவில்

பதில்: கைவிட வேண்டாம், தங்கையே. ஆறு பேரும் சொல்வது ஒன்றுதான். அவர்களிடம் எதில் கேட்டீர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். குரல் அதிகம் என்றவர்கள் ஹெட்போனில் கேட்டிருப்பார்கள். விளங்கவில்லை என்றவர்கள் போனின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டிருப்பார்கள் என்று துணிந்து சொல்வேன்.

காரணம் இது. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் பிடிக்கும் வகை மைக்கை வாயோடு ஒட்டிவைத்துப் பாடினால், குரலின் தாழ்ந்த பகுதி இயற்கையைவிடப் பெருத்துப் பதியும். அதோடு வீட்டார் எழும்பிவிடுவார்கள் என்று அடக்கிப் பாடும்போது க, ச, த, ப, ற போன்ற வல்லின எழுத்துகளின் வெடிப்புக் குறைந்துவிடுகிறது. சொல்லை விளங்கவைப்பது அந்த வெடிப்புத்தான். ஆகவே உங்கள் பதிவில் குரலின் உடல் பெருத்தும் நாக்கு மெலிந்தும் இருக்கிறது. ஹெட்போன் அந்தப் பெருத்த உடலை முழுமையாகக் காட்டுகிறது. போன் ஸ்பீக்கர் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாக ஒலிக்காது. அங்கே உடல் காணாமற் போய், மெலிந்த நாக்கு மட்டும் மிஞ்சி, அதையும் கரகரத்த கிற்றார் வந்து மூடிவிடுகிறது. குரலின் தெளிவு இருக்கும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில்தான் கிற்றாரின் கரகரப்பும் குடியிருக்கிறது.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். இரவைவிட்டுப் பகலில், வழமையான குரலில், ஒருமுறையாவது பாடிப் பதியுங்கள். பக்கத்து வீட்டுச் சேவலும் கச்சான் காற்றும் பதிவில் விழுந்தால் விழட்டும், அடக்கிப் பாடிய குரலைவிட அவை குறைந்த தீமை. பாடும் வரிகளில் மட்டும் கிற்றாரின் அந்த நடுப்பகுதியைச் சிறிது இறக்குங்கள். (பேஸ் கிற்றார் வைத்திருக்கும் கல்லடித் தம்பிக்கும் ஒரு வார்த்தை: அதன் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ், எந்தப் போனிலும் அது கேட்காது. ஆனால் அதற்குச் சிறிது கரகரப்பைச் சேர்த்தால் மேலே எழும் உபசுரங்களைப் போன் ஒலிக்கும், மிச்சத்தைக் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்ளும்.)

இனிக் கருத்தே கேட்காதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். பாட்டின் சொற்களை அறியாத ஒருவரிடம் தாளும் பேனையும் கொடுத்து, கேட்கும் வரிகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ‘கரை’ என்று நீங்கள் பாடியதை அவர் ‘அரை’ என்று எழுதினால், அந்த ‘க’ பதிவில் இல்லை. எந்தப் புகழ்ச்சியும் எந்தத் தயக்கமும் அந்தத் தாளில் ஏற முடியாது. நான் அறிந்தவரையில் குரலைப் பற்றிக் கிடைக்கும் மிக நேர்மையான கருத்து அந்தப் பிழையாக எழுதிய தாள்தான்.

கேள்வி: அறுகம்பேயில் தங்கும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு எங்கள் பதிவைப் போட்டுக் காட்டினோம். மிகவும் பாராட்டினார்கள். றொக் அவர்களுடைய இசை என்பதால் அவர்களது கருத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: விடுமுறையில் கடலைப் பார்த்துக்கொண்டு இளநீர் குடிப்பவருக்கு எல்லாப் பாட்டும் இனிக்கும். அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுங்கள்: தமிழ் தெரியாத அவர்களுக்கு, சொல்லின் உதவி இல்லாமல், பாட்டு எந்த இடத்தில் அலுத்தது? இதைத் தமிழ் தெரிந்த நாம் ஒருபோதும் சொல்ல முடியாது. மற்றப்படி, றொக் யாருடைய இசை என்ற பேச்சை விடுங்கள். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கிற்றார் ஒலித்தபோது உங்கள் பயணிகள் பிறந்திருக்கவில்லை.

கேள்வி: என் மகன் அறையைப் பூட்டிக்கொண்டு இரும்புக் கடைபோல ஒரு சத்தத்தைப் பதிகிறான். பதிந்ததைக் கொண்டுவந்து, ‘அப்பா, எப்படி?’ என்று கேட்கிறான். எனக்குப் பழைய திரைப்பாடல்களைத் தவிர எதுவும் தெரியாது. நல்லது என்றால் பொய். கெட்டது என்றால் மனம் நோவான். என்ன சொல்வது?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மகன் உங்களிடம் கொண்டுவருகிறான் என்பதே பல தந்தையருக்குக் கிடைக்காதது, அதை முதலில் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லது, கெட்டது இரண்டையும் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முழுவதையும் கேளுங்கள். பின்னர் கேட்டதை அப்படியே சொல்லுங்கள்: ‘தொடக்கத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. நடுவில் நீ எதையோ கோபமாகச் சொன்னாய், என்னவென்று பிடிபடவில்லை. கடைசியில் சத்தம் நின்று கிற்றார் மட்டும் கேட்ட இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கதவைத் தட்டுவதுபோல இருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால் மகிழ்வான். ட்ரம்ஸ் என்று நினைத்திருந்தால் அறைக்குத் திரும்பிப் போய் மைக்கை இடம் மாற்றி வைப்பான். அடுத்த முறை அவன் வரும்போது, நிமிர்ந்து உட்கார்ந்த அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.